மாப்பிள்ளை வண்டியின் புகைக்குழாய்

மகள் ஆட்டுக்கறி சமைத்துவிட்டுக் கூப்பிட்டபோது, என்ன விசேஷம் என்று கேட்டார் செல்லையா. ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாள் நளினி. அப்போதே அவருக்கு உறுத்தியது. ஆட்டுக்கறி விற்கிற விலைக்கு அதை யாராவது சும்மா சமைப்பார்களா?

கோலா தெர்லாவில் பூச்செடி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குப் பின்னால் இருந்தது மருமகன் மகேனின் வீடு. சாப்பாட்டுக்கு நடுவில் மகேன் தொண்டையைச் செருமினான்.

“மாமா, லைன் வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாமே.”

“யார் சொன்னா?”

“நளினிதான்.”

“அவளுக்கு யார் சொன்னா?”

“நீங்கதாம்பா போன வாரம் சொன்னீங்க,” என்றாள் நளினி, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

“பின்னால ஒரு ரூம் கட்டி முடிச்சிருக்கேன் மாமா,” என்றான் மகேன். “பாத்ரூம் பக்கத்துலயே. குளிருக்கு ஹீட்டரும் வச்சிட்டேன். இந்த மாசத்தோட நீங்க இங்கயே வந்துடுங்க.”

செல்லையா எலும்பை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு மருமகன் முகத்தைப் பார்த்தார். சிரித்த முகம். சிரித்த முகத்தை அவர் என்றைக்கும் நம்பியதில்லை.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டி ஓய்ந்தவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலையில் இல்லாதவனுக்குத் தோட்டத்துத் தொழிலாளர் லைனில் வீடு கிடையாது. புதிதாக வரும் பங்களாதேஷ் ஆட்களுக்கு அந்த வீடு வேண்டும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ரிங்லெட்டில் வாடகைக்கு ஓர் அறை தேடிப் பார்த்தார். காலியாக இருந்ததையெல்லாம் காய்கறித் தோட்டக்காரர்கள் ஆள் தங்க வைக்க எடுத்துவிட்டார்கள். மாசக் கடைசிக்குப் பிறகு எங்கே போய்ப் படுப்பது என்று உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. மகள் வீட்டு அறை இல்லையென்றால் வேறு போக்கில்லை. அது மகேனுக்கும் தெரியும். அதுதான் செல்லையாவுக்குப் பிடிக்கவில்லை. அறை கட்டத் தொடங்கியது எப்போதோ. கூப்பிடுவது மட்டும் ஏன் கார்ப் பந்தயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை?

“பாக்கலாம்,” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, தேயிலைத் தொழிற்சாலை மூடியிருக்கும் நாளில், நாற்றுமேட்டுக்குக் கீழே ஆற்றோரமாகப் போகும் லோரிப் பாதையைத் தோட்டத்துத் துரை வருஷாவருஷம் பந்தயத்துக்கு விட்டுக்கொடுப்பார். அந்தத் தோட்டத்தில் கால் மைல் நேராகப் போகிற பாதை அது ஒன்றுதான். பழைய தோட்டத்து அதிகாரிகள் விட்டுப்போன கார்கள் மலையில் சிலரிடம் இன்னும் இருந்தன. ஹோல்டன், பால்கன், வேலியண்ட் என்று பெரிய இஞ்சின் வைத்த வண்டிகள். அமெரிக்காக்காரன் பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கிற காராகச் செய்துகொண்டிருந்த காலத்துச் சாதி அவை. அவற்றை இரண்டிரண்டாக நிறுத்தி விடுவார்கள். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறானோ அவன் அடுத்த சுற்றுக்குப் போவான். அவ்வளவுதான் பந்தயம்.

ஆனால் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. வண்டி கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும். ஸ்டாக் கிளாஸ் என்பார்கள். மற்றதையெல்லாம் வேறு ஆட்கள் பார்த்தார்கள். புகை வெளியே போகிற வழி மட்டும் செல்லையாவின் பொறுப்பு.

திருடுகிறவன் அங்கேதான் கைவைப்பான். இஞ்சினும் மனுஷன் மாதிரிதான், உள்ளே இழுத்த மூச்சை விட வழி வேண்டும். கம்பெனிக்காரன் இஞ்சின் பக்கவாட்டில் ஒரு கனத்த இரும்பு வார்ப்பை வைத்து எல்லாப் புகையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே குழாயில் விடுகிறான். அந்த வார்ப்புக்கு மெனிபோல்ட் என்று பெயர். அதைக் கழற்றிவிட்டு ஓட்டை ஓட்டைக்குத் தனிக்குழாய் வளைத்து வைத்தால் அது ஹெடர். இஞ்சின் தாராளமாக மூச்சு விடும், வண்டி பறக்கும். இன்னொரு திருட்டு, சைலன்சரை அறுத்து உள்ளே இருக்கிற தகட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு வெளிக்கூட்டை மட்டும் திரும்ப ஒட்டிவிடுவது. பார்த்தால் தெரியாது. தட்டினால்தான் தெரியும்.

சட்டத்தை எழுதி வைத்திருந்தவர் பந்தயச் சங்கத் தலைவர் ராதாகிருஷ்ணன், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி. அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே இந்தச் சட்டத்தை வருஷத்துக்கு ஒரு மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரு சமயம் ஹெடர் கூடாது, பிறகு கூடும் என்றார்கள் என்று அவர் சொன்னார். மாற்றினவன் மச்சான் ஹெடர் வியாபாரம் செய்திருப்பான் என்று செல்லையா அப்போதே சொல்லிவிட்டார். கூடாது என்கிற சட்டத்தையே சங்கம் எடுத்துக்கொண்டது. செல்லையாவுக்கு இங்கிலீஷ் வராது. கிராணியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அதையே இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கிராணி இடையில் எதையும் சொந்தமாகச் சேர்க்கவில்லை என்று தெரிந்துகொண்டார்.

இப்படிப்பட்ட ஆளை யாருக்குப் பிடிக்கும்? ஒருத்தருக்கும் பிடிக்காது. அதனால்தான் சோதனைக்கு அவரை வைத்திருந்தார்கள். யாரையும் நம்பாதவரை மட்டும் எல்லாரும் நம்பினார்கள். அவருடைய ஸ்டிக்கர் கண்ணாடியில் ஒட்டாமல் எந்த வண்டியும் கோட்டுக்குப் போக முடியாது.

இந்த வருஷம்தான் மகேன் முதல்முறையாக வருகிறான். ஈப்போவில் ஒரு கொட்டகையில் கிடந்த வேலியண்டை வாங்கி வந்து இரண்டு வருஷமாகத் தட்டித் தட்டி ஓட வைத்திருந்தான்.

பந்தயத்தன்று காலை பனிமூட்டம் ஆற்றுக்கு மேலேயே நின்றது. பந்தலில் நளினியும் இரண்டு பெண்களும் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லையா டார்ச்சும் ஸ்பேனருமாக வரிசையின் தலைமாட்டில் நின்றார். குணாளனின் பால்கன் வந்து நின்றது. குணாளன் கியா பார்மில் காய்கறி லோரி வைத்திருப்பவன். வாய் ஓயாது.

“அண்ணே, போன ஞாயிறு மருமவன் வீட்ல ஆட்டுக்கறியாமே.”

“யார் சொன்னா?”

“கறிக்கடைக்காரன்லா. நல்ல தொடைக்கறியா கேட்டு வாங்குனாராம்.”

செல்லையா பானட்டைத் திறக்கச் சொன்னார். மெனிபோல்ட்டில் டார்ச் அடித்து, கம்பெனிக்காரன் வார்ப்பில் பதித்த எண்ணைப் பார்த்தார். சரியாக இருந்தது.

“ரூம் கூட ரெடியாமே. ஹீட்டர் வேற.” குணாளன் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான். “எனக்கும் ஒரு மாமனார் இன்ஸ்பெக்டரா இருந்தா நானும் ஹீட்டர் வைப்பேன் அண்ணே. ஏர்கோன் கூட வைப்பேன்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். செல்லையாவுக்குக் காது சூடானது. அவர் ஒரு வாரமாக மனசுக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்ததை இவன் நடுவீதியில் வைத்து உரிக்கிறான். குனிந்து குழாயை அளந்தார். சைலன்சரைத் தட்ட ஸ்பேனரை எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் மகேனின் வேலியண்ட் மேட்டிலிருந்து இறங்கி வந்தது. பானட் இடுக்கு வழியாக வெள்ளைப் புகை கசிந்துகொண்டிருந்தது. எல்லாத் தலையும் திரும்பியது.

“புது சாமான் போட்டா முதல் சூட்டுல இப்படித்தான் பொகையும்,” என்றான் குணாளன். “நான் ஒண்ணும் சொல்லல அண்ணே. நீங்களே பாருங்க.”

செல்லையா பால்கன் கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நேராக வேலியண்டுக்குப் போனார்.

பானட்டைத் தூக்கியதும் பளபளவென்று இருந்தது. மெனிபோல்ட் முழுக்க வெள்ளிக் கலர். ஐம்பது வருஷத்து இரும்பு கோயில் வேல் மாதிரி மின்னினால் எவன் நம்புவான்?

“என்ன இது, புதுசா?”

“பழசுதான் மாமா. ஆயுத பூஜைக்கு நளினி சில்வர் அடிச்சா. கோயில் கேட்டுக்கு அடிச்சதுல மிச்சம் இருந்துச்சு. அந்தப் பெயிண்ட்தான் பொகையுது.”

“நம்பர் எங்க?”

மகேன் கையைக் காட்டினான். வார்ப்பு எண் இருக்க வேண்டிய இடத்தில் விபூதிப் பட்டை மூன்று கோடாக இழுக்கப்பட்டு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தது. சூட்டில் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது.

“சாமியே நம்பர மறைச்சிட்டாரு பாருங்கலா,” என்று பின்னாலிருந்து குணாளனின் குரல் கேட்டது. மறுபடி சிரிப்பு.

செல்லையா தோளில் கிடந்த துணியை எடுத்தார். ஈரம் பண்ணித் துடைத்தால் ஒரு நிமிஷத்தில் எண் தெரிந்துவிடும். கையை மெனிபோல்ட் வரைக்கும் கொண்டு போனார். அதற்கு மேல் கை போகவில்லை. கட்டிக்கொடுத்த மகள் தன் புருஷன் வண்டிக்கு வைத்த குங்குமம். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தப் புருஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டப் போகிறான். பெற்ற அப்பனே அதை ஓட்டத்துக்கு முன்னால் அழிப்பதா? யாரை நம்பாவிட்டாலும் அந்தப் பயம் அவருக்கு இருந்தது.

பந்தலில் இருக்கும் நளினியைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும், புருஷனும் பெண்டாட்டியும் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருப்பார். துணியைத் தோளில் போட்டார்.

“கழட்டிப் பின்பக்கம் பாக்குறேன்.”

மகேனுக்கு முகம் மாறியது. “மாமா, இஞ்சின் சூடா இருக்கு. இப்பத் தொட்டா ஸ்டட்டு ஒடிஞ்சிடும். கொஞ்சம் ஆறட்டும்.”

“ஆறுறதுக்குள்ள எதையாச்சும் மாத்திடலாம்னு பாக்குறியா?”

சொன்ன பிறகு யாரும் சிரிக்கவில்லை. குணாளன்கூடச் சிரிக்கவில்லை. மகேன் வண்டியை விட்டு விலகி நின்றான்.

சூட்டோடு தொடக்கூடாது என்று செல்லையாவுக்குத் தெரியாதா? லோரியோடு பிறந்தவர் மாதிரி வாழ்ந்தவர். ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. மாமனார் மெத்தனமாக விட்டார் என்று நாளைக்கு ரிங்லெட் வரைக்கும் பேசுவார்கள். நட்டுகளில் எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகத் திருகினார். வந்தது. முன்கோடி நட்டு முரண்டு பிடித்தது. கொஞ்சம் அழுத்தினார். டக்கென்று ஒரு சத்தம். நட்டோடு, அதைப் பிடித்திருந்த ஸ்டட்டு ஆணியில் பாதியும் கையில் வந்துவிட்டது. மீதி இஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மெனிபோல்ட்டை லேசாக வெளியே இழுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே கல் மாதிரி இறுகிய பழைய கரி. பின்பக்கத்தில் கம்பெனிக்காரன் வார்க்கும்போதே பதித்த முத்திரை. ஹெடரும் இல்லை, ஒட்டு வேலையும் இல்லை. வண்டி பிறந்த அன்றைக்கு வைத்த அதே இரும்பு. தவழ்ந்து போய்ச் சைலன்சரையும் தட்டிப் பார்த்தார். மொத்தென்று சத்தம் வந்தது. உள்ளே தகடெல்லாம் இருந்தது.

மெனிபோல்ட்டைத் திரும்ப முடுக்கி இஞ்சினைக் கிளப்பச் சொன்னார். முன்பக்கத்தில் ஒடிந்த இடத்திலிருந்து புஸ் புஸ்ஸென்று புகை வெளியே அடித்தது.

“சட்டம் என்ன சொல்லுது மாமா?” என்று கேட்டான் மகேன். குரலில் கோபம் இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

சைலன்சருக்கு முன்னாலேயே புகை வெளியே போனால் வண்டி ஓடக்கூடாது. கிராணி வாசித்ததும் அதுதான், மற்றவர் வாசித்ததும் அதுதான்.

“ஓட முடியாது,” என்றார் செல்லையா.

“சரி.”

மகேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு மரத்தடியில் விட்டான். அதற்குள் யாரோ சொல்லி நளினி பந்தலிலிருந்து ஓடி வந்தாள். கையெல்லாம் டீத்தூள். பானட்டுக்குள் பார்த்தாள். குங்குமம் அப்படியே இருந்தது. ஒடிந்த ஸ்டட்டைப் பார்த்தாள்.

“நம்பர் பாக்கணும்னா சந்தனத்தத் தொடச்சிருக்கலாம்ல?”

“நீ வச்சது. நான் எப்படி அழிக்கிறது?”

“என்னக் கூப்பிட்டிருந்தா நானே தொடச்சிட்டு வேற எடத்துல வச்சிருப்பேன்பா. பந்தல் என்ன சிங்கப்பூர்லயா இருக்கு?”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஓட்டம் தொடங்கியது. குணாளனின் பால்கனும் தாப்பாவிலிருந்து வந்த ஒரு ஹோல்டனும் முதல் ஜோடி. கொடி இறங்கியது. பால்கன் முழு மூச்சில் கிளம்பியதும் செல்லையா தலையைத் தூக்கினார். காலி எண்ணெய்த் தகரத்துக்குள் தலையை விட்டுக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். தகடு பிடுங்கிய சைலன்சர். சந்தேகமே இல்லை.

தட்ட எடுத்த ஸ்பேனர் ஞாபகத்துக்கு வந்தது. தட்டவில்லை. தட்டுவதற்குள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். ஆட்டுக்கறி, ரூம், ஹீட்டர் என்று அவன் ஏன் அப்படிப் பேசினான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவர், சந்தேகப்பட வேண்டியவனை மட்டும் விட்டுவிட்டார்.

ராதாகிருஷ்ணனிடம் போனார். “பால்கன நிறுத்துங்க. சைலன்சர் வெறும் டப்பா.”

“நீங்கதான ஸ்டிக்கர் ஒட்டுனீங்க?”

“ஒட்டுனேன். தப்பு. பிடுங்கிடுறேன்.”

“அப்படிப் பிடுங்க முடியாதுங்க. ஒட்டினதுக்கப்புறம் போட்டியில இருக்கறவங்க யாராச்சும் புகார் குடுத்தாத்தான் மறு சோதனை. நீங்கதான அந்தச் சட்டம் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க? இல்லன்னா இன்ஸ்பெக்டர் பிடிக்காதவன் ஸ்டிக்கரப் பிடுங்குவான்னு சொன்னீங்களே.”

சொல்லியிருந்தார். ஹோல்டன்காரனிடம் போய்ப் பேசிப் பார்த்தார். “சும்மா பொழுதுபோக்குக்கு வந்தேங்க, எனக்கெதுக்கு வம்பு,” என்று அவன் நழுவினான். மற்றவர்கள் குணாளன் லோரியில் காய்கறி ஏற்றுகிறவர்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். பெயர் கொடுத்தவர்களில் மிச்சம் இருந்தது மகேன் ஒருவன்தான். வண்டி ஓடாவிட்டாலும் பேர் இருந்தது.

மரத்தடிக்கு வந்தார்.

“மாப்பிள்ள, குணாளன் மேல ஒரு புகார் குடு.”

மகேன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். “எனக்கும் கேட்டுச்சு மாமா, அந்தச் சத்தம்.”

“அப்பக் குடு.”

“மாட்டேன்.”

“ஏன்? அவன் திருடன்.”

“இப்ப நான் குடுத்தா என்ன சொல்வாங்க? மருமவன் வண்டி போச்சுன்னு மாமனும் மருமவனும் சேந்துக்கிட்டு ஜெயிக்கிறவன இழுக்குறாங்கன்னு சொல்வாங்க. ஒரு நாளைக்கு ஒருதரம் திருடன் பேரு வாங்குனது போதும் மாமா.”

செல்லையா வந்த வழியே திரும்பினார்.

பால்கன் ஒவ்வொரு சுற்றாகத் தகரம் கத்துகிற சத்தத்தோடு ஜெயித்தது. கடைசியில் கோப்பையை வாங்கிக்கொண்டு குணாளன் நேராகச் செல்லையாவிடம் வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தான்.

“உங்க ஸ்டிக்கர்தான் ராசி அண்ணே.”

செல்லையா கையை உருவிக்கொண்டார். “உன் சைலன்சர்ல ஒண்ணும் இல்லடா.”

“இருக்கா இல்லையான்னு பாக்குறது உங்க வேலண்ணே,” என்றான் குணாளன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

மழை தூறத் தொடங்கியது. ஆட்கள் கலைந்தார்கள். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்த நளினியிடம் செல்லையா போய் நின்றார். அவள் டீக் கலயத்தைக் கவிழ்த்து ஊற்றினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அந்த ரூமு...” என்றார்.

“அதப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. அது அவர் கட்டுனது. கல்லு மண்ணு எல்லாம் அவரே தூக்குனாரு. அவர்கிட்ட கேளுங்க.”

செல்லையா யாரிடமும் எதையும் கேட்டு வாங்கினவர் இல்லை. கேட்டால் கொடுக்கிறவன் பிறகு எதையாவது திருப்பிக் கேட்பான் என்று எண்ணுகிறவர். மரத்தடிக்கு நடந்து போகிற வழியில் இரண்டு தடவை நின்றார். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. அதைவிட, அந்தப் பிள்ளை ‘சரி’ என்று ஒரே வார்த்தையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது அவரை என்னவோ செய்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ள. நீ அன்னைக்கு ரூம்னு சொன்னது பந்தயத்துக்காகன்னு நெனச்சேன்.”

“தெரியும். நளினி அப்பவே சொன்னா, அப்பா அப்படித்தான் நெனப்பாரு, பந்தயம் முடியட்டும்னு. நான்தான் கேக்கல. நீங்க ரிங்லெட்ல வீடு தேடி அலையிறீங்கன்னு காதுல விழுந்துச்சு.”

“இப்ப அந்த ரூமு எனக்கு இருக்கா, இல்லையா? நேராச் சொல்லு.”

மகேன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

“இருக்கு. நளினிக்கு அப்பா நீங்க, நடுரோட்டுல விட முடியாது. வாங்க. ஆனா போன வாரம் நான் ஆசையா கூப்பிட்டேன் மாமா. இன்னைக்கு அந்த ஆசை இல்ல. அத்தன பேருக்கு முன்னால அப்படிச் சொல்லிட்டீங்க. அது போக எத்தன நாளாகும்னு எனக்கே தெரியல. அதுவரைக்கும் நான் அதிகம் பேச மாட்டேன். நீங்களும் தப்பா எடுத்துக்கக் கூடாது.”

செல்லையா அந்த வார்த்தைகளை வழக்கம்போலப் புரட்டிப் பார்த்தார். இனிப்பு ஒன்றும் தடவியிருக்கவில்லை. உள்ளே ஒளித்துவைக்க அதில் இடமும் இல்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருத்தன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

“அந்த ஸ்டட்ட நான் எடுத்துத் தர்றேன்,” என்றார்.

“வேணாம். நானே எடுத்துக்குவேன்.”

“டிரில் பிட்டு என்கிட்டதான் இருக்கு.”

மகேன் கொஞ்சம் யோசித்தான். “பிட்ட மட்டும் குடுங்க. வெள்ளிக்கிழம லோரி எடுத்துட்டு வர்றேன். சாமான் என்னென்ன இருக்கு?”

“ஒரு பெட்டி. ஒரு கட்டில்.”

“கட்டில் அங்க இருக்கு. புதுசு.”

“என் கட்டில்ல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

மகேன் பானட்டை இறக்கிச் சாத்தினான்.

“சரி,” என்றான். “அதையும் ஏத்துவோம்.”